விண்டோஸ் 11-க்கு மாறியதும் பழைய கேம் சிடிகள் எதுவும் ஏறவில்லை, உதவுங்கள்

பரண்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பல வருடமாக ஒரு மேசைக் கணினி இருந்தது. விண்டோஸ் 7, 32 பிட். போன மாதம் அதைப் பரணில் ஏற்றிவிட்டு, விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினி வாங்கினோம். அதில் சிடி டிரைவ் கிடையாது என்பதால் யூஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்கினேன்.

பொங்கலுக்கு அண்ணன் சார்ஜாவிலிருந்து வருகிறார். சின்ன வயதில் நாங்கள் இருவரும் விளையாடிய மூன்று கேம்களை அதற்குள் புதுக் கணினியில் ஏற்றி வைக்க ஆசை. மூன்றும் மூன்று விதமாக மக்கர் பண்ணுகின்றன.

நீட் ஃபார் ஸ்பீட் 3 சிடியில் செட்டப்பை அழுத்தினால், இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்று ஒரு பெட்டி வருகிறது. அதோடு சரி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகம் ஏறிவிட்டது, ஆனால் திறந்தால் டைரக்ட்பிளே என்று ஏதோ வேண்டும் என்கிறது. பயந்து ரத்து செய்துவிட்டேன். ஏஜ் ஆஃப் மைதாலஜியும் ஒழுங்காக ஏறியது. ஐகானை அழுத்தினால் வட்டம் ஒரு நொடி சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

எக்ஸ்பி இணக்க முறை, நிர்வாகியாக இயக்குவது எல்லாம் முயன்று பார்த்துவிட்டேன். கணினி வாங்கிய கடையில் கேட்டதற்கு, "பழசு எதுவும் இதில் ஓடாதும்மா, விட்டுடுங்க" என்றார்கள். நிஜமாகவே வழி இல்லையா?

வைகைக்கரை:
விட்டுவிடாதீர்கள் சகோ. நீங்கள் சொன்ன மூன்றும் வேறு வேறு கோளாறுகள். ஒன்றில் கேமை ஏற்றிக் கொடுக்கும் நிரலே நின்றுவிட்டது. இன்னொன்றில் விண்டோஸின் ஒரு பகுதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதில் பூட்டு மாட்டிக்கொண்டது. மூன்றிலும் கேம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே நிற்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இதைச் சொல்லுங்கள். சிடிகள் அசல்தானே? என்ன நிலையில் இருக்கின்றன?

பரண்பெட்டி:
மூன்றும் அசல்தான். சேர்த்து வைத்த காசில் அண்ணன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. கீறல் அதிகம் இல்லை. நீட் ஃபார் ஸ்பீட் சிடியில் மட்டும் நடு ஓட்டையின் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும்.

வைகைக்கரை:
அப்படியானால் அந்த சிடியை இனி அடிக்கடி டிரைவில் போடாதீர்கள். நடுவிலிருந்து கிளம்பும் விரிசல்தான் மோசமானது. வேகமாகச் சுழலும்போது அது நீளும், சில சமயம் வட்டு டிரைவுக்குள்ளேயே தெறித்து உடைந்துவிடும். நிரலை இயக்காமல், ஒரே ஒரு முறை போட்டு, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளையும் வன்தட்டுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது அந்தப் பெட்டி ஏன் வந்தது என்பதைச் சொல்கிறேன். நீட் ஃபார் ஸ்பீட் 3 வந்தது 1998-ல். கேம் 32 பிட் நிரல். ஆனால் அதை ஏற்றித் தரும் செட்டப் 16 பிட், அதாவது அதற்கும் முந்தைய தலைமுறை நிரல். அந்தக் காலத்தில் இப்படி நிறைய கேம்கள் வந்தன. நிறுவனங்கள் கையில் வைத்திருந்த செட்டப் கருவிகள் விண்டோஸ் 3.1 காலத்தவை, 95-லும் 98-லும் அவை சிக்கல் இல்லாமல் ஓடியதால் யாரும் மாற்றவில்லை.

உங்கள் பழைய கணினி 32 பிட் விண்டோஸ். 16 பிட் நிரலை ஓட்டித் தரும் என்டிவிடிஎம் என்ற பகுதி அதற்குள் இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. 2005-ல் 64 பிட் எக்ஸ்பி வந்த நாளிலிருந்தே இல்லை. பிராசஸர் 64 பிட் நிலையில் வேலை செய்யும்போது, டாஸ் நிரல்கள் சார்ந்திருந்த விர்ச்சுவல் 8086 முறை அதில் இருக்காது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்றும் கூடவே வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான். அதனால்தான் இத்தனை வருடம் பிழைத்திருந்த செட்டப்கள் இப்போது கூட்டமாக நின்றுபோகின்றன.

இணக்க முறை இதற்கு உதவாது. அது நிரலிடம் "இது எக்ஸ்பிதான்" என்று சொல்லும், சில பழைய பழக்கங்களைப் பின்பற்றும். இல்லாத ஒரு பகுதியை அதனால் கொண்டுவர முடியாது.

நள்ளிரவு ஆட்டம்:
என் 64 பிட் கணினியில் சில பழைய செட்டப் மட்டும் ஓடுகிறதே, அது எப்படி?

வைகைக்கரை:
நல்ல கேள்வி. அப்போது பரவலாக இருந்த சில செட்டப் கருவிகளை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும். இன்ஸ்டால்ஷீல்டின் 5ஆம் பதிப்பும், ஆக்மி என்ற கருவியின் சில பதிப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த 16 பிட் நிரலுக்குப் பதிலாகத் தன்னிடம் இருக்கும் 32 பிட் மாற்றை அதுவே ஓட்டிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பட்டியலில் இல்லாதவைதான் மாட்டிக்கொள்கின்றன.

சகோ, உங்கள் கேமுக்கு வழி எளிது. சிடியில் கேம்டேட்டா, எஃப்இடேட்டா என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு புதுக் கோப்புறை போட்டு இரண்டையும் அதற்குள் நகல் எடுங்கள். இந்தக் கேமுக்கென்றே ரசிகர் ஒருவர் செய்த மாடர்ன் பேட்ச் என்ற திருத்தத் தொகுப்பு இருக்கிறது, அதை அதே கோப்புறையில் விரித்து வையுங்கள். செட்டப்பே தேவைப்படாது. அந்தக் காலத்து வூடூ கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக எழுதிய, கிளைடு என்ற படம் வரையும் முறையை இன்றைய கார்டில் ஓட்ட என்கிளைடு என்ற சிறு நிரல் உண்டு, அதன் உதவியோடு படம் அழகாக வரும்.

இப்படித் தனி பேட்ச் இல்லாத கேம் என்றால் ஓடிவிடிஎம் என்ற இலவச நிரலைப் பாருங்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் செட்டப்பை ஓட்டித் தரும். நான் இதுவரை ஏழெட்டு சிடிகளை அதை வைத்து ஏற்றியிருக்கிறேன்.

சோழமண்டலம்:
'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே ஏற்றாமல் தனிக் கோப்புறை போடச் சொன்னது முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள். விஸ்டாவிலிருந்து அந்த இடத்தில் சாதாரண நிரல்கள் எழுத முடியாது. பழைய கேம்களோ சேமிப்புக் கோப்புகளைத் தங்கள் கோப்புறையிலேயே எழுதுகிறவை.

தறிநாடா:
டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை என்று ஒரு கேம் கேட்டது. கூகிளில் தேடி அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிப் போட்டேன், ஓடிவிட்டது. மைதாலஜிக்கும் அப்படி ஏதாவது ஒரு கோப்பு குறைகிறதோ என்னவோ, தேடிப் பாருங்கள்.

நெறியாளர்:
தறிநாடா, தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் தளங்களில் இருப்பது உண்மையான கோப்புதானா என்று பார்த்து அறிய நமக்கு வழி இல்லை. அந்தக் கோப்பு கேமின் உரிமையோடு ஓடும். கேமை நிர்வாகியாக இயக்கினால் அதுவும் நிர்வாகியாக ஓடும்.

நீங்கள் சொன்ன கோப்பு, கேம்களுக்குப் படமும் ஒலியும் தரும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்எக்ஸின் 9ஆம் பதிப்பைச் சேர்ந்தது. விண்டோஸ் 11-ல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று நினைப்போம், ஆனால் அந்த வரிசைக் கோப்புகள் அதோடு வருவதில்லை. 2010 ஜூனில் வெளியான டைரக்ட்எக்ஸ் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி ஏற்றுங்கள். மொத்த வரிசையும் ஒரே தடவையில் வந்துவிடும், புதிய டைரக்ட்எக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் கூகிளில் தேடி இறக்கிய அந்த டிஎல்எல் கோப்பை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை முழுதாக ஸ்கேன் செய்துவிடுங்கள்.

தறிநாடா:
செய்துவிட்டேன் ஐயா. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. நன்றி.

சோழமண்டலம்:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பற்றி நான் சொல்கிறேன். டைரக்ட்பிளே கேட்டதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணினிகளை இணைத்து விளையாடுவதற்கான பழைய பகுதி அது, விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்கள் பட்டியலைத் திறந்தால் 'லெகசி கம்போனன்ட்ஸ்' என்பதன் கீழ் டைரக்ட்பிளே இருக்கும். டிக் செய்யுங்கள். அல்லது அந்தப் பெட்டி வரும்போது சம்மதம் கொடுத்தாலே போதும்.

அப்புறம் நிறம். 1997-ல் வந்த அந்தக் கேம் ஒரே நேரத்தில் 256 நிறங்களைத்தான் காட்டும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு வரையும். விண்டோஸ் 7-ல் டெஸ்க்டாப்பும் அதே அட்டவணையில் கைவைத்ததால் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் மாறும். அப்போது எக்ஸ்புளோரரை மூடிவிட்டுக் கேமைத் திறப்போம், நிறம் சரியாகிவிடும். நானே அதற்கு ஒரு சிறு கட்டளைக் கோப்பு (batch file) எழுதி, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது அந்தச் சுற்றுவழி வேண்டாம். சிஎன்சி-டிடிரா என்ற சிறு நிரலைக் கேம் கோப்புறையில் போட்டுவிட்டால், கேம் பழைய முறையில் வரையச் சொல்வதை வாங்கி இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் பாகத்தின் 2019 டெஃபினிட்டிவ் பதிப்பையும் அண்ணனுக்குக் காட்டுங்கள். 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு நாகரிகம் சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம், வீரர்கள் தமிழில் பேசுவார்கள். முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். இறுவட்டை நகல் எடுக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். நான் 1996இல் வந்த குவேக் இறுவட்டை ஐஎஸ்ஓ கோப்பாக்கிப் பாவிச்சன். விளையாட்டு ஓடிச்சு, இசை மட்டும் வரேல்லை. இரண்டு கிழமை ஒலி அட்டையிலதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பிறகுதான் விளங்கினது, அந்த இறுவட்டில் தரவு ஒரு தடத்தில, இசை பாட்டு இறுவட்டு மாதிரி வேற தடங்களில. ஐஎஸ்ஓ தரவுத் தடத்தை மட்டும்தான் எடுக்கும். பின், கியூ எண்டு இரண்டு கோப்பாக எடுத்தால் எல்லாத் தடமும் சேர்ந்து வரும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி பனங்கூடல். இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது மைதாலஜி. இதுதான் கடினமானது, அதனால் நீளமாக எழுதுகிறேன். 2002-ல் வந்த அந்த சிடியில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருக்கிறது. சாதாரண நகலில் சரியாகப் பதியாத ஓர் அடையாளத்தை வட்டிலேயே வைத்திருப்பார்கள். கேம் தொடங்கும்போது செக்டிரைவ் என்ற டிரைவர், அதாவது விண்டோஸோடு ஒட்டி ஓடும் சிறு நிரல், அந்த அடையாளத்தைத் தேடும். இருந்தால்தான் கேம் திறக்கும்.

அந்த டிரைவர் ஓடியது விண்டோஸின் ஆக உள்ளே, கெர்னலில். அதில் ஓட்டை இருந்தால் மொத்தக் கணினியும் திறந்த வீடு. 2007-லேயே அப்படி ஒரு ஓட்டை வெளிவந்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரைச் சேர்க்கவே இல்லை. அதே வருடம் செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8, 8.1 எல்லாவற்றிலும் அதை அணைத்துவிட்டார்கள். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சிடியை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. உங்களுக்கு வட்டம் சுற்றி நிற்கிறதே, அது இதுதான்.

நள்ளிரவு ஆட்டம்:
டெஸ்ட் மோடில் விண்டோஸைத் தொடங்கி, பழைய டிரைவரை வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டால் ஓடும் என்கிறார்களே? அல்லது சிடி கேட்காதபடி யாரோ மாற்றிய எக்ஸிகியூட்டபிள் (கேமைத் திறக்கும் நிரல்)?

வைகைக்கரை:
முதலாவதைச் செய்யாதீர்கள். டெஸ்ட் மோடில் தொடங்கினால், டிரைவர்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் காவலையே ஒரு கேமுக்காக எடுத்துவிடுகிறீர்கள். வங்கிக் கணக்கு பார்க்கிற அதே கணினியில் அது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, நாம் காசு கொடுத்து வாங்கிய சிடிதானே என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் யார் மாற்றினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்று தெரியாத நிரல் அது. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மைதாலஜிக்கு 2014-ல் எக்ஸ்டெண்டட் எடிஷனும் 2024-ல் ரீடோல்டும் வந்தன. இரண்டிலும் இந்தப் பூட்டு இல்லை.

நள்ளிரவு ஆட்டம்:
காசு கொடுத்து ஒரு தடவை வாங்கியதை எத்தனை தடவை வாங்குவது? பள்ளிக்கூடக் காலத்தில் மாதக்கணக்கில் சேர்த்த காசு அது. புத்தகம் வாங்கினால் வீட்டுச் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்ததும் புத்தகம் திறக்காமல் போகிறதா? பூட்டைப் போட்டவர்கள், சாவி செல்லாமல் போன அன்றே பூட்டை எடுக்க ஒரு பேட்ச் கொடுத்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:
அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சில கேம்களுக்கு அப்படி நடந்தும் இருக்கிறது. விண்டோஸ் லைவ் சேவையைச் சார்ந்திருந்த ஜிடிஏ 4-லிருந்து 2020-ல் அதை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு கொடுத்தார்கள். எல்லாக் கேமுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

பரண்பெட்டி:
ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பர் என்றதைப் படித்ததும் திக்கென்றது.

அண்ணன் வெளிநாடு போனது 2014-ல். மறு வருடம் தீபாவளி விடுமுறையில் நான் தனியாக மைதாலஜியைத் திறந்தேன். டிரைவ் விளக்கு கொஞ்சம் மினுக்கிவிட்டு அணைந்துபோனது, கேம் வரவில்லை. சிடியில் கீறல் விழுந்துவிட்டது, நான்தான் சரியாக வைக்கவில்லை என்று நினைத்தேன். பற்பசை போட்டுக்கூடத் துடைத்துப் பார்த்தேன். அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை. பத்து வருடமாக அந்த சிடியை நான் கெடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை:
நீங்கள் எதையும் கெடுக்கவில்லை சகோ. தீபாவளிக்கு முன்பே அந்த அப்டேட் உங்கள் கணினியில் ஏறியிருக்கும். புதுக் கணினியில் அதே சிடியிலிருந்து கேம் முழுதாக ஏறியது என்றீர்களே, சிடி நன்றாக இருப்பதற்கு அதுவே சாட்சி.

பரணில் இருக்கும் கணினி இன்னும் வேலை செய்யுமா? செய்தால் அதை இறக்குங்கள். விண்டோஸ் 7-ல் அந்த டிரைவரை நீக்கவில்லை, அணைத்துத்தான் வைத்தார்கள். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, செக்டிரைவ் சேவையை 'தேவைப்படும்போது தொடங்கு' நிலைக்கு மாற்றி, பிறகு தொடங்கச் சொன்னால் தொடங்கும். எஸ்சி என்ற கட்டளை, சரியான எழுத்துகளைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். விளையாடி முடித்ததும் சேவையை நிறுத்திவிடுங்கள். நெட் வயரை மட்டும் அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

சோழமண்டலம்:
இறக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். அண்ணன் ஆடிய சேமிப்புகள் கேம் கோப்புறையில் இல்லை என்றால் பதற வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முடியாதபோது விண்டோஸ் 7 அந்தக் கோப்புகளைச் சத்தமில்லாமல் வேறிடத்தில் வைத்திருக்கும். பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அண்ணனுக்குத் தனிப் பயனர் கணக்கு இருந்திருந்தால் அவருடைய கணக்கில் பாருங்கள்.

பனங்கூடல்:
கனகாலம் கிடந்த கணினி எண்டால் மின்சாரம் குடுக்கமுதல் தூசியைத் தட்டுங்கோ. விசிறி கையால சுத்தினால் சுத்துதோ எண்டும் பாருங்கோ.

பரண்பெட்டி:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீட் ஃபார் ஸ்பீட் 3 புதுக் கணினியில் ஓடுகிறது. சிடியை ஒரே முறைதான் போட்டேன். நகல் எடுத்த முழு நேரமும் டிரைவ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புல் பச்சையாகத்தான் இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்துப் பரணிலிருந்து கணினியை இறக்கினோம். முதலில் பீப் சத்தம் மட்டும்தான் வந்தது. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் திரை வந்துவிட்டது. வைகைக்கரை அனுப்பிய கட்டளையைக் கொடுத்துவிட்டு சிடியைப் போட்டேன். விளக்கு மினுக்கியது, அணைந்தது. போச்சு என்று நினைத்த நேரத்தில் திரை கறுத்து, கேமின் இசை ஆரம்பித்தது.

சேமிப்புகள் விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்தன, அண்ணன் கணக்கில். மொத்தம் 19 கோப்புகள். கதையில் 32 கட்டங்கள் என்று ஞாபகம், அண்ணன் 27-ல் நிறுத்தியிருக்கிறார். ஒரு கோப்புக்கு என் பெயரை வைத்து, பக்கத்தில் 'அழிக்காதே' என்று எழுதியிருக்கிறார். மூன்று பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டேன்.

வைகைக்கரை:
அந்த 'அழிக்காதே' கோப்பை மட்டும் திறக்காமல் வைத்திருங்கள். அண்ணன் வந்து திறக்கட்டும்.

பரண்பெட்டி:
திறக்கவில்லை. 13ஆம் தேதி காலை ஃப்ளைட்.